கார்ன்வாலின் மே விழாக்கள்: பாட்ஸ்டோவையும் ஹெல்ஸ்டனையும் பயணியாகச் சென்று காண முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் ஒரு கெல்டிக் நிலம். அங்கே மே மாதம் பிறக்கும்போது இரண்டு ஊர்கள் கோடையை வரவேற்கின்றன. மே 1 அன்று பாட்ஸ்டோவில் 'ஆபி ஆஸ்' எனப்படும் குதிரை வேடங்கள் ஆடும்; சுருக்கமாக 'ஆஸ்', சிவப்புப் பக்கத்துக்கு ஒன்று, நீலப் பக்கத்துக்கு ஒன்று. மே 8 அன்று ஹெல்ஸ்டனில் 'ஃப்ளோரா டே' நடனம். இரண்டுமே அந்தந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்வது. நுழைவுச்சீட்டு கிடையாது, பார்வையாளர் மேடை கிடையாது, என்ன நடக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்ல ஆளும் கிடையாது. அதனால்தான் முதல்முறை போகிறவர்கள் நல்ல பகுதியைத் தவறவிட்டுவிட்டு, கூட்டத்தின் முதுகை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. ஏப்ரல் 30 இரவு எங்கே இருப்பது என்று முடிவு செய்யுங்கள்

கெல்டிக் வசந்த விழா என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் கால்டன் ஹில் குன்றில் நடக்கும், கோடைத் தொடக்கத்தைக் கொண்டாடும் பெல்டேன் தீ விழா. நல்ல விழாதான். ஆனால் அது 1988-இல் புதிதாக வடிவமைத்துத் தொடங்கியது, டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. அதுவும் ஏப்ரல் 30 இரவு, பாட்ஸ்டோ தொடங்குவதும் அதே நள்ளிரவு. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டையும் பார்க்க முடியாது.

தீப்பந்தமும் வேடமும் நிறைந்த நிகழ்ச்சி வேண்டுமென்றால் எடின்பரோ. ஒரு ஊரே தன் வழக்கத்தைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் பாட்ஸ்டோ. என் தேர்வு தயக்கமில்லாமல் பாட்ஸ்டோ. இனி வருவதெல்லாம் அதற்கும், ஒரு வாரம் கழித்து வரும் ஹெல்ஸ்டனுக்கும்தான்.

2. தேதியைக் கிழமையோடு சேர்த்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் விமான டிக்கெட் எடுத்தவர்கள் நிறைய. பாட்ஸ்டோவில் மே 1 ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் விழா மறுநாள் திங்களுக்குத் தள்ளிப் போகும். 2022-இல் அப்படித்தான் மே 2 அன்று நடந்தது.

ஹெல்ஸ்டன் விதி வேறு. மே 8 ஞாயிறோ திங்களோ என்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு விழா முன்னால் வரும். 2028-இல் மே 8 திங்கள், ஆகவே விதிப்படி மே 6 சனிக்கிழமை. ஒன்று பின்னால் போகும், மற்றது முன்னால் வரும் என்பதை நினைவில் வையுங்கள். சில ஆண்டுகளில் இடையில் நான்கைந்து நாள்தான் இருக்கும்.

இன்னொன்று: மே மாதத்தின் முதல் திங்கள் பிரிட்டனில் பொது விடுமுறை. விழா அந்த வார இறுதியை ஒட்டி வந்தால் கூட்டம் பெருகும், அறை வாடகை ஏறும். வாரத்தின் நடுவில் வரும் ஆண்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையே எடுங்கள். ஊர்க்காரர்களின் விகிதம் கூடுதலாக இருக்கும்.

3. அறை முதலில், அப்புறம் விசா, கடைசியில் ரயில்

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாட்ஸ்டோ சுமார் மூவாயிரம் பேர் வாழும் சிறிய துறைமுக ஊர். மே 1-க்கான அறைகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். எனவே முதல் வேலை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் ஓர் அறையைப் பிடித்து வைப்பது.

ஊருக்குள் கிடைக்கவில்லையா? அடுத்த தேர்வு பக்கத்து ஊரான வேட்பிரிட்ஜ். அங்கிருந்து பாட்ஸ்டோவுக்கு 'கேமல் டிரெயில்' என்ற பாதை ஆற்றங்கரையை ஒட்டிப் போகிறது. பழைய ரயில் பாதை என்பதால் ஏற்ற இறக்கமே இல்லை. சுமார் 9 கிலோமீட்டர், நடந்தால் இரண்டு மணி நேரம், சைக்கிளில் இன்னும் குறைவு. விழா நாளில் சாலையெல்லாம் நெரிசலில் நிற்கும்போது இந்தப் பாதை மட்டும் அடைபடாது.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டனின் பார்வையாளர் விசா தேவை. ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். ஏப்ரல் இறுதிப் பயணம் என்றால் ஜனவரி இறுதியில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். மலிவான ரயில் டிக்கெட்டுகள் ஏறத்தாழ 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். அவை பணம் திரும்பாத டிக்கெட்டுகள் என்பதால், விசா கையில் வந்த பிறகு வாங்குவதுதான் பாதுகாப்பு. ஜனவரியிலேயே விண்ணப்பிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து போட்மின் பார்க்வே வரை ரயில், சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து பேருந்து. பாட்ஸ்டோவில் ரயில் நிலையம் இல்லை. இரவு ரயிலும் உண்டு, படுத்துக்கொண்டே போகலாம், சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது. ஆனால் எதில் வந்தாலும் ஏப்ரல் 30 மதியத்துக்குள் பாட்ஸ்டோவில் இருக்க வேண்டும். ஏன் என்பது ஐந்தாவது பகுதியில்.

4. பையில் என்ன, உடலில் என்ன

மே என்றதும் கோடை உடை எடுத்து வருகிறார்கள். கோடை வருவது விழாவில் பாடும் பாடலில்தான், கடற்காற்றில் அல்ல. பகலில் 12 முதல் 15 டிகிரி, இரவில் எட்டு டிகிரிக்கும் கீழே இறங்கலாம். நள்ளிரவில் ஒரே இடத்தில் நிற்கப்போகிறீர்கள். உள்ளே கம்பளிச் சட்டை, மேலே மழையும் காற்றும் நுழையாத மேலங்கி, வழுக்காத ஷூ. குடை வேண்டாம். குறுகிய தெருக் கூட்டத்தில் அது மற்றவர் கண்ணைக் குத்தும், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும்.

வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி, தங்கள் ஆஸ் எதுவோ அதன் நிறத்தில், சிவப்போ நீலமோ, இடுப்பில் பட்டையும் கழுத்தில் துணியும் கட்டியிருப்பார்கள். அது பரம்பரையாக வரும் அடையாளம். யார் எந்தப் பக்கம் என்பதைக் குடும்பம் தீர்மானிக்கிறது. வெளியாள் அதைப் போட்டுக்கொள்வது மரியாதைக் குறைவு. சட்டையில் ஒரு காட்டுப் பூவைச் செருகிக்கொள்ளுங்கள், போதும்.

கொஞ்சம் பவுண்டு நோட்டுகளும் சில்லறையும் வைத்திருங்கள். கூட்டம் கூடினால் கைப்பேசி இணைப்பு தள்ளாடும், பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசை நீளும். அதே காரணத்துக்காக ஊர் வரைபடத்தையும் பேருந்து நேரத்தையும் முன்பே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

5. ஏப்ரல் 30 மதியம் முதல் நள்ளிரவு வரை

வந்தவுடன் பையை வைத்துவிட்டு ஊரை ஒரு முறை சுற்றி வாருங்கள். மூன்று இடங்கள் தெரிய வேண்டும்: லேனட்வெல் தெருவில் உள்ள 'கோல்டன் லயன்' விடுதி, பிராட் தெருவில் விழாவுக்கான அலங்காரக் கம்பமான மே கம்பம் நடப்படும் இடம், நீல ஆஸ் புறப்படும் 'இன்ஸ்டிடியூட்' கட்டடம். எல்லாம் சில நிமிட நடைதான். ஆனால் மறுநாள் கூட்டத்தில் வழி தேடிக்கொண்டிருக்க முடியாது.

மாலையில் சீக்கிரம் சாப்பிடுங்கள். சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்து மடித்துச் சுட்ட 'பேஸ்டி' என்ற மாவுப் பண்டம் எல்லா அடுமனையிலும் கிடைக்கும். குங்குமப்பூ சேர்த்த பன் கார்ன்வாலின் பழைய பண்டம், இரண்டு வாங்கி மறுநாள் காலைக்கு வையுங்கள். துறைமுகக் கரையில் நின்று கையில் பிடித்துச் சாப்பிடாதீர்கள், கடற்காகங்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் ஒரு தூக்கம் போடுங்கள். இரவு பதினொன்றேகாலுக்கு எழுந்து கோல்டன் லயன் வாசலுக்குப் போய்விடுங்கள். உள்ளே இடம் பிடிக்க முயல வேண்டியதில்லை, நடப்பது தெருவில்.

நள்ளிரவு மணி அடித்ததும் கூடியிருக்கும் ஊர்க்காரர்கள் இரவுப் பாட்டைத் தொடங்குவார்கள். முரசு இல்லை, அக்கார்டியன் இல்லை, குரல் மட்டும். ஊரே ஒரே குரலாகக் கோடை வந்துவிட்டது என்று பாடும் அந்த நேரத்துக்காகத்தான் முந்தைய நாளே வரச் சொல்கிறேன். காலையில் வருகிறவர்களுக்கு முரசும் ஆட்டமும் கிடைக்கும், இந்தக் குரல் கிடைக்காது. எனக்கு இந்த விழாவில் மிகப் பிடித்தது இதுதான்.

இங்கே கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள், பேசாதீர்கள். பாடத் தெரியாவிட்டால் சும்மா நில்லுங்கள். பிறகு பாடுகிறவர்கள் வீடுவீடாகப் போய் வாசலில் நின்று பாடுவார்கள். சற்றுத் தூரத்தில் பின்தொடரலாம். வீட்டு வாசலை நெருங்கி முன்னால் நிற்காதீர்கள், பாட்டு அந்த வீட்டுக்காரருக்கானது.

வேட்பிரிட்ஜில் தங்கியிருந்தால் திரும்பப் பேருந்து இருக்காது. டாக்சியை முன்பே பேசி வையுங்கள். நள்ளிரவில் தெருவில் நின்று தேடினால் கிடைக்காது.

6. மே 1 காலை: ஒரு ஆஸைத் தேர்ந்தெடுத்து அதனோடு போங்கள்

நீங்கள் தூங்கும்போதே ஊர் பச்சையாகிவிடும். மரக்கிளைகள், பூக்கள், கொடிகள் எல்லாம் இரவோடு இரவாகக் கட்டப்படும். எட்டு மணிக்கு வெளியே வந்தால் கூட்டம் சேரும் முன் அதை நிதானமாகப் பார்க்கலாம். காலையில் முதலில் சிறுவர்களின் குட்டி ஆஸ்கள் வரும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆட்டத்தின் அமைப்பைக் கற்றுக்கொள்ள இதுவே நல்ல நேரம், ஏனென்றால் நெருங்கி நின்று பார்க்க இடம் இருக்கும்.

ஆஸ் என்பது பார்க்கக் குதிரை மாதிரியே இருக்காது. சுமார் ஆறடி அகல வட்டச் சட்டம், அதன்மேல் விரித்த கறுப்புத் துணி பாவாடை போல் தொங்கும். நடுவில் கூர்மையான தொப்பியும் பயங்கர முகமூடியும். சட்டத்தின் முன் விளிம்பில் சின்னதாக ஒரு மரக் குதிரைத் தலை, பின்னால் வால். அதன் முன்னால் 'டீசர்' என்ற ஆட்டக்காரர் கையில் ஒரு தட்டையான தடியோடு ஆடி அதை வழிநடத்துவார்.

நீல ஆஸ் இன்ஸ்டிடியூட்டிலிருந்து காலை பத்து மணிவாக்கில் புறப்படும். சிவப்புப் பட்டையாளர்களின் பழைய ஆஸ் கோல்டன் லயனிலிருந்து பதினொரு மணிவாக்கில். இரண்டு புறப்பாட்டையும் பார்க்கலாம், இடைவெளி போதும். பழைய ஆஸின் புறப்பாட்டுக்கு லேனட்வெல் தெருவில் நெரிசல் கடுமையாக இருக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் நீலத்தின் புறப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு, பழைய ஆஸை வேறு தெருவில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஒன்றோடு மட்டும் போங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுகிறவர்கள் எந்த ஆட்டத்தின் முழுச் சுற்றையும் பார்ப்பதில்லை. ஒரே ஆஸின் பின்னால் இரண்டு மணி நேரம் நடந்தால் பாட்டு காதில் பதிந்துவிடும். முரசு எங்கே இறங்கும், கூட்டம் எங்கே விலகும் என்பது உடம்புக்கே தெரிய ஆரம்பிக்கும். எதைத் தொடர்வது? இரண்டும் நல்லவையே. யாரிடமும் எது உயர்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

7. எங்கே நிற்பது, எப்போது விலகுவது

சட்டத்துக்குள் இருப்பவருக்கு வெளியே அதிகம் தெரியாது. எடையோ அதிகம். அதனால்தான் ஆட்டக்காரர்கள் அடிக்கடி மாறிக்கொள்கிறார்கள். அந்த விளிம்பு சுழன்று வரும்போது உங்கள் இடுப்பில் இடிக்கும். முரசுக்காரர்களுக்கும் ஆஸுக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். சுவரை ஒட்டி நின்று, ஆஸ் நெருங்கினால் பக்கவாட்டில் நகருங்கள். பின்னால் நகர்ந்தால் பின்னிருப்பவர் காலை மிதிப்பீர்கள், ஒருவர் விழுந்தால் வரிசையே விழும்.

ஆஸ் சில நேரம் பெண்களைத் தன் துணிக்குள் இழுத்து மூடும். ஓராண்டுக்குள் திருமணமோ குழந்தையோ வரும் என்பது நம்பிக்கை. அதில் விருப்பமில்லாத பெண்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டாம், இரண்டாம் வரிசைக்குப் போனாலே போதும்.

பாட்டு திடீரென்று மெதுவாகும் ஓர் இடம் உண்டு. முரசு தணியும், ஆஸ் தரையில் சரிந்து படுக்கும், டீசர் குனிந்து தடியால் அதைத் தடவிக்கொடுப்பார். புதியவர்கள் பலர் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள், அல்லது படம் எடுக்கக் குனிந்து உள்ளே வருகிறார்கள். இரண்டும் தவறு. அடுத்த நொடி முரசு ஓங்கி விழும், ஆஸ் குதித்து எழும், 'ஆஸ் ஆஸ்!' என்று ஒருவர் கத்த, 'வீ ஆஸ்!' என்று தெரு முழுக்கப் பதில் வரும். அந்தப் பதிலில் நீங்களும் சேரலாம், வெளியாளுக்கும் இடமுள்ள பகுதி அது. குனிந்து நின்றவருக்கு அப்போது அடிபடும்.

இந்தச் சாவும் எழுச்சியும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு முறை கேமராவை உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை எப்போது எடுக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

8. மதிய ஓய்வும் மாலை விடையும்

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டமும் குடியும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஊரை விட்டுக் கடற்கரைப் பாதையில் ஏறி ஓய்வெடுங்கள். பகல் கூட்டத்தோடு வந்தவர்கள் மாலை ஐந்துக்குக் கிளம்ப ஆரம்பிப்பார்கள். நீங்கள் அப்போது திரும்பி வர வேண்டும்.

மாலையில் இரண்டு ஆஸ்களும் மே கம்பத்தடியில் சந்தித்து ஆடும். பிறகு ஒவ்வொன்றும் தன் 'லாயத்துக்கு' விடைப் பாட்டோடு திரும்பும், அடுத்த மே வரை வெளியே வராது. வயதானவர்கள் கண்ணீரோடு பாடுவதைப் பார்ப்பீர்கள். அந்த முகங்களைப் படமெடுக்க வேண்டாம்.

அந்தப் பருவத்தில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். லாயத்துக்குள் ஆஸ் போகும்வரை இருந்தால் இருட்டிவிடலாம். கேமல் டிரெயிலில் நடந்து திரும்புகிறவர்கள் கைவிளக்கு வைத்திருங்கள், பாதையில் விளக்குகள் கிடையாது.

9. இடைப்பட்ட நாட்கள்

மேற்கே பென்சான்ஸ் பக்கம் நகருங்கள். மேட்ரன் கிராமத்துக்கு அருகே உள்ள புனித ஊற்றில் மரக்கிளைகளில் துணிக் கிழிசல்கள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். நோய் தீர வேண்டிக் கட்டுவது. மே மாத ஞாயிறுகளில் அங்கே போவது பழைய வழக்கம். பாதை சேறாக இருக்கும்.

கட்ட வேண்டும் என்று தோன்றினால் சாயமில்லாத சிறிய பருத்தித் துண்டு மட்டும். துணி மக்கும்போது நோயும் போகும் என்பதுதான் நம்பிக்கையே. நைலான் ரிப்பன் மக்காது, மரத்தை நெரிக்கும். மற்றவர் கட்டியதை அவிழ்க்காதீர்கள். எதுவும் கட்டாமல் வருவதும் சரிதான்.

10. ஹெல்ஸ்டன்: நேரத்துக்கு நடக்கும் விழா

பாட்ஸ்டோவில் அலைந்தால் கிடைக்கும். ஹெல்ஸ்டனில் அட்டவணைதான் எல்லாம். காலை 7 மணிக்கு முதல் நடனம், எட்டரைக்கு ஹால்-அன்-டோ நாடகம், ஏறத்தாழ பத்து மணிக்குப் பிள்ளைகள் நடனம், நண்பகல் 12-க்கு முக்கிய நடனம், மாலை 5-க்குக் கடைசி நடனம்.

ஏழு மணி நடனத்துக்கு வர வேண்டுமென்றால் ஹெல்ஸ்டனிலேயே தங்க வேண்டும், அல்லது டாக்சி. ரயிலில் வருகிறவர்கள் ரெட்ரூத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பார்கள், ஆனால் அவ்வளவு காலையில் அதை நம்ப முடியாது. அன்று நகர மையத்தில் சாலைகள் மூடப்படுவதால் பேருந்து நிற்கும் இடமும் மாறும். முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

ஏழு மணி நடனத்தைத் தவறவிடாதீர்கள். ஆண்கள் வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை. பெண்கள் கோடை உடை. தெருவில் கூட்டம் குறைவு, இசைக்குழுவின் பெரிய முரசு ஒலி ஈரமான சுவர்களில் பட்டுத் திரும்புவதைக் கேட்கலாம். அது முடிந்ததும் நேராக ஊரின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிப் போங்கள், ஹால்-அன்-டோ அங்கிருந்து தொடங்கும். பச்சைக் கிளைகளோடு, ஜார்ஜ் புனிதரும் ராபின் ஹுட்டும் வரும் இந்த நாடகத்தைப் பல இடங்களில் நிறுத்தி நிறுத்தி நடத்துவார்கள். முதல் இடத்தில் எட்ட முடியாவிட்டால் அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுவிடுங்கள். கூட்டத்தோடு பின்னால் போனால் எந்த இடத்திலும் முன்வரிசை கிடைக்காது.

பிள்ளைகள் நடனத்தில் ஆயிரம் பேர் அளவுக்கு வெள்ளை உடையில் வருவார்கள். சிறுமிகளின் தலையில் உள்ள பூ பள்ளிக்குப் பள்ளி மாறும். இங்கே பெற்றோர்களுக்கு முன்னிடம் விடுங்கள். தனிப்பட்ட பிள்ளையின் முகத்தை நெருக்கமாகப் படம் எடுக்காதீர்கள்.

நண்பகல் நடனத்துக்கு ஆண்கள் உயரத் தொப்பியும் நீண்ட கோட்டும், பெண்கள் நீண்ட கவுனும் தொப்பியும் அணிந்து வருவார்கள். கில்ட்ஹால் என்ற நகர மன்றக் கட்டடத்தில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது முரசு விழும். அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் மெனேஜ் தெருவுக்குப் போங்கள். இணை இணையாக வரும் நடனக்காரர்கள் கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வெளியேறுவார்கள். குளிர்காலத்தை விரட்டி வசந்தத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதாக இதைச் சொல்கிறார்கள். கதவோரம் நின்றால் அதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கதவை மறித்து நிற்காதீர்கள், அவர்கள் நிற்காமல் வருவார்கள்.

நடனத்தில் வெளியாட்கள் சேர முடியாது. ஒவ்வொரு நடனமும் அழைக்கப்பட்டவர்களுக்கானது. வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு ஆட முயல்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம், அவர்களைக் கையைப் பிடித்து வெளியே விடுவதையும் பார்க்கலாம்.

பங்கேற்க ஒரு நல்ல வழி இருக்கிறது: தெருவில் விற்கும் பள்ளத்தாக்கு லில்லிப் பூவை வாங்கிச் செருகிக்கொள்வது. ஆண்கள் பூ மேல்நோக்கி இருக்கும்படி, பெண்கள் கீழ்நோக்கி இருக்கும்படி. இந்தச் செடியின் எல்லாப் பகுதியும் நச்சு. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாலை 5 மணி நடனத்தில் காலை ஏழு மணிக்கு ஆடியவர்களே மீண்டும் ஆடுவார்கள். அதற்குள் பெரும்பாலான பயணிகள் போயிருப்பார்கள், நிற்க நல்ல இடம் கிடைக்கும். இரவு லண்டன் திரும்ப வேண்டியவர்கள் இதை விட்டுவிட்டு நாலரைக்கே ரெட்ரூத்துக்குக் கிளம்புங்கள். நடனம் முடிந்த கையோடு வரும் பேருந்தில் ஏற நீண்ட வரிசை நிற்கும்.